ஒற்றைக் கையுறைக்கு ஜோடி

1978 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வாஷிங்டனில் இருந்த அந்தத் தேசிய அருங்காட்சியகத்தின் காவல் அறைக்குள் டாக்டர் ஆல்டன் ஹாஸ்க் மூச்சு வாங்க வந்து நின்றார். வரலாற்றுப் பிரிவின் காப்பாளர் அவர்.

"சார்ஜென்ட், மூணாம் கூடத்துல ஒரு கண்ணாடிப் பெட்டியை யாரோ திறந்திருக்காங்க."

சார்ஜென்ட் ஒடெஸா புரூயிட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த அருங்காட்சியகத்தின் சொந்தக் காவல் படையில் பத்தொன்பது வருடம் கழித்தவர். "என்ன போச்சு?"

"எதுவும் போகல. ஒண்ணு கூடியிருக்கு."

பக்கத்து மேசையில் இருந்த காவலர் கிளெம் ஃபிஸ்க் துள்ளி எழுந்தார். நாற்பத்திரண்டு வயதுவரை பஸ் ஓட்டிவிட்டு, போன வருடம்தான் சீருடை போட்டவர். மியூசியத்துக்கு எதற்குப் போலீஸ், எலும்புக்கூடு எழுந்து ஓடிவிடுமா என்று அவருடைய மைத்துனன் ஞாயிறுதோறும் கேலி செய்வான். பதில் சொல்ல ஒரு நல்ல வழக்கு கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார் கிளெம்.

மூவரும் மேலே போனார்கள். பெட்டிக்குள் எப்போதும் இருக்கும் சின்னக் கம்பளிக் கையுறை, வெளிச்சத்தில் வெளுத்து இளஞ்சிவப்பாகிப் போனது, தன் இடத்திலேயே இருந்தது. அதன் பக்கத்தில் ரத்தச் சிவப்பில் இன்னொன்று. இரண்டின் மணிக்கட்டு ஓரத்திலும் ஒரே இடத்தில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. கீழே அட்டை சொன்னது: 'ஒஹையோ ஆற்று வெள்ளம், 1937. பெயர் தெரியாத சிறுவனின் இடது கையுறை. அவன் உயிர் பிழைத்ததாகத் தகவல் இல்லை.'

"பூட்டு உடையல. இதுக்கு மூணே சாவி. என்கிட்ட ஒண்ணு, பெட்டிகளுக்குக் கண்ணாடி போடுற எம்மெட் டோர்ஷ்கிட்ட ஒண்ணு, துப்புரவு செய்யுற வெர்லீன்கிட்ட ஒண்ணு" என்றார் ஹாஸ்க். "காலையில இங்க தனியா இருந்தது வெர்லீன்தான். இதைத் திறக்க முடிஞ்சா பக்கத்துல இருக்கிற தளபதியோட வாளையும் எடுக்க முடியும். அந்தம்மாவை இன்னைக்கே வேலையை விட்டு நிறுத்தணும்."

கிளெம் நகரப் போலீசுக்குத் தொலைபேசினார். திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது. "ஒண்ணு கூடியிருக்குன்னா அதை எந்தக் குற்றத்துல எழுதுறதுன்னு கேட்டுச் சிரிச்சாங்க. அடுத்த தடவை அந்தத் திருடனை எங்க வீட்டுக்கும் அனுப்புங்கன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டாங்க."

"சரி, அப்ப இது நம்ம வேலை" என்றார் ஒடெஸா. "கிளெம், இந்தக் கூடத்துக்கு வழக்கமா யார் வருவாங்க?"

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க. அப்புறம் எம்மெட். கால் வலின்னு மதியம் அந்த பெஞ்சுல வந்து உக்காருவார்."

முதலில் வெர்லீன் வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. "பன்னெண்டு வருஷமா தூசி தட்டுறேன். தினமும் அந்தப் பையனுக்குக் குட் மார்னிங் சொல்லிட்டுத்தான் அடுத்த பெட்டிக்குப் போவேன். அவன் பொருள்ல நான் கை வைப்பேனா?"

அடுத்து எம்மெட் வந்தார். ஐம்பதைத் தொட்ட, அதிகம் பேசாத மனிதர். முந்தின நாள் சாயங்காலம் அடுத்த கூடத்தில் கண்ணாடி மாற்றியதாகச் சொன்னார். ஒடெஸா கையுறையைக் காட்டி, "சின்னப் பிள்ளைக்கு மணிக்கட்டுல இது ரொம்பப் பெருசு இல்லையா?" என்று கேட்டார்.

"வளர்ற பிள்ளைன்னு அம்மாமாருங்க ஒரு அளவு பெருசாத்தான் பின்னுவாங்க. அவ கையை ஆட்டினா கழண்டு விழாம என்ன செய்யும்?"

ஒடெஸா தலையசைத்தார். பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு எல்லோரையும் அங்கேயே நிற்கச் சொன்னார்.

"புதுக் கையுறையைப் பாருங்க. கம்பளியில ஓட்டை விழாம, இழைக்கு நடுவுல ஊசி செருகியிருக்கு. அது நம்ம மியூசியத்து ஆள் வேலை. நிறம் மங்கல, அதனால நாப்பது வருஷம் இருட்டுல பத்திரமா இருந்திருக்கு. விட்டுப்போன தையல் ரெண்டுலயும் ஒண்ணு, அதனால இது நிஜ ஜோடி. அப்ப நான் தேட வேண்டியது பூட்டைத் திறந்தவரை இல்ல, அந்தக் குழந்தையைத் தெரிஞ்சவரை."

"அது எப்படித் தெரியும், சார்ஜென்ட்?" என்றார் கிளெம்.

"டாக்டர் பையன்னு எழுதியிருக்கார். வெர்லீன் பையன்னு சொன்னாங்க. மிஸ்டர் டோர்ஷ், நீங்க மட்டும் 'அவ'ன்னு சொன்னீங்க. நாங்க எல்லாரும் அட்டையைப் படிச்சவங்க. நீங்க அந்தப் பிள்ளையைப் பார்த்தவர்."

எம்மெட் தொப்பியைக் கழற்றினார். "என் தங்கச்சி, லியோனா. அப்ப அஞ்சு வயசு. எனக்கு ஒன்பது."

ஹாஸ்க் மெதுவாகக் கேட்டார். "வெள்ளத்துல போயிட்டாளா?"

"பால்டிமோர்ல பேக்கரி வெச்சிருக்கா, டாக்டர். மூணு பேரப் பிள்ளைங்க."

ஹாஸ்க் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"படகுல ஏத்தினப்ப கூரை மேல இருந்தவங்களுக்கெல்லாம் கையை ஆட்டினா. கையுறை பறந்துடுச்சு, அவ்வளவுதான். அம்மா இன்னொண்ணை எடுத்து வெச்சிருந்தாங்க. அவ உயிரோட இருக்கான்னு நான் இந்த மியூசியம் ஆபீசுக்கு ரெண்டு தடவை எழுதினேன். ஆதாரத்தைத் தபால்ல அனுப்புன்னு படிவம் வந்துச்சு. இதைத் தபால்ல விட மனசு வரல."

"என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே?"

"பிள்ளைங்ககிட்ட அந்தப் பையனைப் பத்திச் சொல்லும்போது உங்க குரல் கம்மிடும். அதைக் கேட்டுட்டு எப்படிச் சொல்றது? ஞாயித்துக்கிழமை லியோனா முதல் தடவையா பார்க்க வந்தா. யாரோ ஒரு அம்மா பெட்டி முன்னாடி நின்னு அழுதுட்டிருந்தாங்க. 'ஏண்ணே, நான் செத்துட்டேனா?'ன்னு கேட்டா. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. நேத்து கொண்டுவந்து வெச்சுட்டேன். வெர்லீன் மேல பழி விழும்னு நினைக்கல. மன்னிச்சுக்கோம்மா."

வெர்லீன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பன்னெண்டு வருஷமா ஒரு பொம்பளைப் பிள்ளையையா பையான்னு கூப்பிட்டேன்?"

ஒடெஸா எம்மெட்டின் சாவியை ஒரு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார். அது தண்டனை, அதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஹாஸ்க் வெர்லீனிடம் தன் வாயாலேயே மன்னிப்புக் கேட்டார். பிறகு அட்டையை உருவி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை லியோனா வந்தாள். பருத்த, கலகலப்பான பெண்மணி. காவல் அறை முழுவதற்கும் பன் கொண்டுவந்திருந்தாள். ஹாஸ்க் குறிப்பேட்டோடு பெட்டி முன்னால் நின்றார். பள்ளிப் பிள்ளைகள் இருபது பேர் சுற்றிலும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தப் படகுல உங்களுக்கு ரொம்பப் பயமா இருந்துச்சா?" என்று கேட்டார் ஹாஸ்க்.

"தண்ணியைப் பார்த்து இல்ல" என்றாள் லியோனா. "கரைக்குப் போனதும் அம்மா கையுறை எங்கன்னு கேப்பாங்களேன்னுதான். கேட்டாங்க. நல்லா நாலு போட்டாங்க." கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தாள். "அம்மா இன்னைக்கு இருந்திருந்தா சொல்லியிருப்பேன். தொலைக்கலம்மா, போலீஸ் காவல்ல இருக்குன்னு."