பிரியாத விரல்கள்

அந்தப் பெண் வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பியது.

“யாரோ ஃபோன்ல சொன்னதுக்காக என் புருஷன் வேலையை நிறுத்தி வெச்சிருக்கீங்களாமே? அவர் பொழப்புல மண்ணள்ளிப் போட்டது யாருன்னு எனக்குத் தெரியணும்,” என்றாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

வெளிநாட்டு நிறுவனங்களில் விமானம் ஓட்டிவிட்டு ஊர் திரும்புகிறவர்களின் பின்னணியை விசாரித்துச் சொல்வதுதான் அந்த அலுவலகத்தின் தொழில். எங்கே ஓட்டினார்கள், ஏன் விட்டார்கள், கறை ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். இங்கிருந்து ‘எடுக்கலாம்’ என்று சொன்னால்தான் உள்ளூர் நிறுவனம் அவர்கள் கையில் விமானத்தைக் கொடுக்கும். விசாரிக்கப்படுபவரின் வீட்டார் நேரே படியேறி வந்தது இதுவே முதல் தடவை.

மேசைக்குப் பின்னால் இருந்தவரை எல்லோரும் டவர் என்பார்கள். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். தொண்டை கெட்டதால் வெளியே வந்துவிட்டார். தன் உதவியாளருக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தவரும் அவர்தான். கேள்வி முடியுமுன்னே அவளிடமிருந்து பதில் வரும். பாதி தப்பாக இருக்கும்.

“பட்டாசு, அந்த ஃபோன் கால் என்னன்னு இவங்களுக்குச் சொல்லு. ஒண்ணு விடாம.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஆம்பளைக் குரல். வாயில துணி வெச்சுப் பேசின மாதிரி இருந்துச்சு. ‘அவரை ஓட்ட விடாதீங்க. புயல்ல இறங்கறப்போ இடது கை விரல் விமானத்தைத் திருப்பற பிடியில ஒட்டிக்கிச்சு, பிரியவே இல்ல. எத்தனை பேர் சாவாங்கன்னு யோசிங்க’ன்னான். பேரு கேட்டேன், சொல்லல. ‘மறுபடி பேசணும்னா மதியத்துக்கு மேல கூப்பிடுங்க, உள்நம்பர் நாலு’ன்னேன். ‘மதியத்துக்கு மேல, உள்நம்பர் நாலு’ன்னு திருப்பிச் சொல்லிட்டு வெச்சுட்டான். அவ்வளவுதான்.”

டவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எதையோ பிடித்துவிட்டார் என்று பட்டாசுக்குத் தெரியும். தனக்கும் ஏதாவது பிடிபடுகிறதா என்று அவளும் மூக்கைச் சுருக்கி யோசித்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

“யார் மேல சந்தேகம்?” என்று கேட்டார் டவர்.

அந்தப் பெண் அப்போதுதான் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது.

“என் தம்பி மேல. ரெண்டு பேரும் அங்க ஒரே விமானத்துலதான் ஓட்டினாங்க. இவர் தலைமை விமானி, அவன் துணை. இப்ப ரெண்டு பேரும் திரும்பி வந்துட்டாங்க. இங்க தலைமை இடம் ஒண்ணுதான் காலி. இவர் போனா அது அவனுக்கு. என் இடுப்புல வளர்ந்த பையன் சார். அவனா இருக்கக்கூடாது. ஆனா இருந்தா, இனிமே அவன் என் வாசப்படி மிதிக்கக்கூடாது.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“‘விடு’ன்னு சொல்றார். அது ஒண்ணுதான் சொல்றார்.”

“நாளைக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க.”

அவள் இறங்கிப் போனதும் பட்டாசு வெடித்தாள். “தம்பிதான் சார்! வேற யாரு? பதவி ஆசை.”

“பதவி ஆசை இருக்கறவன் ‘எத்தனை பேர் சாவாங்க’ன்னு ஏன் கவலைப்படறான்?” என்றார் டவர்.

மறுநாள் மூவரும் வந்தார்கள். கணவர் வாட்டசாட்டமானவர், ஆனால் ஓரமாக, இடம் கேட்டு வந்தவர் போல உட்கார்ந்தார். தம்பி உட்காரவில்லை. அக்கா இருவருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் இருந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

டவர் மெதுவாகத் தொடங்கினார். “கூப்பிட்டவர் ஒரு விமானி. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கோபுரத்துலேர்ந்து நாங்க எது சொன்னாலும் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் சரியாக் காதுல விழுந்துதான்னு எங்களுக்குத் தெரியும். வருஷக்கணக்கா அப்படிச் சொல்லிப் பழகின வாய், வீட்டு ஃபோன்லயும் அதையேதான் செய்யும். குரலை மாத்தத் தெரிஞ்சவருக்கு இந்தப் பழக்கத்தை மாத்தத் தோணல.”

அக்கா சடாரென்று திரும்பினாள். “நீதானேடா?”

“அக்கா!”

“சோறு ஊட்டின கைடா இது. இதுலயே கடிச்சிட்டியே!”

“நான் சொல்லலக்கா!” தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. “சொல்றதா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். அந்தப் புயல்ல இறக்கினதே நான்தான். விமானம் ஒரு பக்கமாச் சாயுது, மாமா அசையாம உட்கார்ந்திருக்கார். பயந்துட்டார்னு நினைச்சேன். கட்டுப்பாட்டை என் பக்கம் வாங்கி இறக்கினேன். கீழ வந்ததும் யார்கிட்டயும் மூச்சு விடல. மாமா மானம் போகக்கூடாதுன்னு இந்த நிமிஷம் வரைக்கும் வாயைத் திறக்கல.”

சொல்லி முடித்த பிறகுதான், எங்கே நின்று எதைச் சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது.

டவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “பயம்னு நினைச்சீங்க. ஆனா கூப்பிட்டவர் பயம்னு சொல்லலியே? இடது கை விரல் பிரியலன்னார். நீங்க ஓட்டின வகை விமானத்துல அந்தப் பிடி எங்க இருக்குன்னு பட்டாசு நேத்து சாயந்திரம் கேட்டுட்டு வந்தா. நடுவுல இல்ல. தலைமை விமானிக்கு இடது பக்கம், ஜன்னல் ஓரம். துணை விமானி அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருப்பார். நடுவுல இவ்வளவு பெரிய உடம்பு மறைக்குது. உங்க மாமாவோட இடது கை உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரியல,” என்றான் தம்பி. “விமானம் சாஞ்சது மட்டும்தான் தெரிஞ்சுது.”

“ஓட்டற அறைக் கதவு பூட்டியிருந்தது. உள்ள ரெண்டே பேர். ஒருத்தருக்கு அந்த விரல் தெரியாது.”

பட்டாசுக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் தடவையாக, முந்திக்கொண்டு சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கணவர் தன் இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல.

“எப்ப வரும்னு தெரியாது,” என்றார். “டாக்டர் பிடிச்சுப் பார்க்கறப்போ நல்லாத்தான் இருக்கு. மருத்துவச் சோதனையில தேறிட்டேன். வீடே சந்தோஷமா இருந்துச்சு. எப்படிச் சொல்வேன்? முழுசாச் சொன்னா, அன்னிக்கு யாரு இறக்கினான்னு கேப்பாங்க. இவன் மறைச்சது வெளிய வரும். அதான் பேரில்லாம என்னை மட்டும் நிறுத்தப் பார்த்தேன்.”

அக்கா அந்தக் கையையே பார்த்தாள்.

“என் வேலையும் நின்னுடுமா சார்?” என்று தம்பி கேட்டான்.

“நின்னுடும்,” என்றார் டவர். “அன்னிக்கு நீங்க நல்லா இறக்கினீங்க. ஆனா யார்கிட்டயும் சொல்லல. அதுக்கப்புறமும் அவர் ஓட்டின விமானத்துல ஆளுங்க ஏறி உட்கார்ந்தாங்க.”

தம்பி தலையாட்டினான். போய் மாமாவின் தோளைத் தொட்டு எழுப்பினான். இருவரும் படியிறங்கினார்கள். அக்கா எழவில்லை.

தொலைபேசி அடித்தது. உள்ளூர் நிறுவனம். இருவரில் யாரை எடுக்கலாம் என்று கேட்டார்கள். பட்டாசு டவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

“ரெண்டு பேரும் வேண்டாம்,” என்றாள் பட்டாசு. ரிசீவரை வைத்த பிறகும் கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

“நான் இங்க வராமலே இருந்திருந்தா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“உங்க தம்பி தலைமை விமானி ஆகியிருப்பார்,” என்றார் டவர்.

அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். கீழே தெருவில் கணவனும் தம்பியும் அவளுக்காகக் காத்து நின்றார்கள், அருகருகே.

“போய் முதல்ல யார்கிட்ட பேசறது?” என்று கேட்டாள்.

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் பட்டாசு, டவரைப் பார்த்தாள். அவர் கை கண்ணாடிப் பக்கம் போகவில்லை.