மாட்டுக்கு முந்தைய படம்

சிங்கப்பூர் ஈசூனில், வீட்டுக் கட்டடத்தின் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே லிப்ட் நின்றுபோனது. உள்ளே லொரைன் மட்டும். வேலை முடிந்து வந்த களைப்பு, கையில் காய்கறிப் பை, இரண்டு நாளாக அடங்காத கோபம்... இதில் இது வேறு. வெளியிலிருந்து யாரோ ஆங்கிலத்தில், பயப்படாதீர்கள், பத்து நிமிடம் என்றார்கள். சரி அங்கிள், கொஞ்சம் சீக்கிரம் என்று இவளும் ஆங்கிலத்திலேயே பதில் கொடுத்தாள்.

கதவு விலகியபோது எதிரே நின்றது அங்கிள் இல்லை. முப்பதைத் தொடாத வயது. நீலச் சீருடையில் மார்வின் என்று பெயர்ப்பட்டை. இறங்குவதற்குக் கை நீட்டியவன், அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"நீங்க... தேக்கா பஸ் ஸ்டாப்," என்றான், தமிழில்.

லொரைனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அந்த போட்டோ எடுத்தது நீங்களா?"

அவன் சிரித்தான். பாவம், பாராட்டப்போகிறாள் என்று நினைத்துவிட்டான்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு புகைப்படப் பக்கத்தில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். சிராங்கூன் சாலைப் பேருந்து நிறுத்தம், கூரையின் விளிம்பிலிருந்து சரம் சரமாக மழை. அதற்குப் பின்னால் ஒரு பெண், வராத பஸ்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நெற்றியில் ஒட்டிய ஈரமுடி. மழையைத் துளைத்துக்கொண்டு பார்க்கும் பெரிய கண்கள்... அந்தக் கண்களுக்காகவே நாலாயிரம் பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். 'மழை, தேக்கா' என்பதைத் தவிர அடியில் ஒரு வார்த்தை இல்லை. பதிவேறியது பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை.

அதே செவ்வாய்க்கிழமை லொரைன் எம்சியில், அதாவது மருத்துவ விடுப்பில் இருந்தாள். உண்மையான விடுப்பு. கட்டிலுக்கும் கழிவறைக்கும் அன்று அவள் நடந்த தூரத்தை நேராக நடந்திருந்தால் தீவின் மேற்குக் கோடியிலுள்ள ஜூரோங்குக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். ஜூரோங்கில்தான் வேலை. கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் பாதுகாப்பு அதிகாரி, சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது, வேலை நிரந்தரமாகும் கடிதம் கைக்கு வரவேண்டிய நேரம். போன மாதம், இடுப்புப் பட்டை போடாமல் உயரத்தில் ஏறிய ஒரு ஃபோர்மேனைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த ஆள் சும்மா இருப்பானா? எம்சி எடுத்துவிட்டுத் தேக்காவில் ஊர் சுற்றுகிறாள் பாருங்கள் என்று படத்தைக் கொண்டுபோய் மனிதவள மேலாளர் ஹலீமாவிடம் காட்டிவிட்டான். அன்று பார்த்து ஊரெல்லாம் மழை வேறு. வெள்ளிக்கிழமை காலைக்குள் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும்.

இதையெல்லாம் தாழ்வாரத்தில் நின்று ஒரே மூச்சில் கொட்டினாள். பக்கத்தை நடத்துபவருக்கு மூன்று முறை எழுதியும் பதில் இல்லையே என்றும் கேட்டாள். அதை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் திறந்து பார்ப்பேன் என்று அவன் இழுத்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் விதிவிலக்காம். கழுவக் கொடுத்த படம் கைக்கு வந்ததும் பொறுக்க முடியாமல் ஏற்றிவிட்டானாம். அவனுடையது ஃபிலிம் கேமரா. சுருள் தீர்ந்து, கழுவக் கொடுத்து வாங்குவதற்கு ஒரு மாதம் ஓடிவிடும். படம் ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. அன்றுதான் அவள் லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். எல்லாரும் எடுத்த நிமிடமே படம் போடும் காலத்தில், ஒரு மாதத்துக்கு முந்தைய மழை என்று யாருக்குத் தோன்றும்? தேதி போட வேண்டும் என்பது அவன் மண்டையில் உறைக்கவே இல்லை.

"கேக்காம எடுத்ததே தப்பு. தேதி போடாதது அதவிடத் தப்பு," என்றாள்.

இரண்டும் தப்புதான் என்று ஒத்துக்கொண்டான். படத்தை எடுத்துவிடவா என்றான். எடுத்தால் ஒளித்த மாதிரி ஆகிவிடும் என்றாள். கடிதம் எழுதித் தரவா என்றான். யார் வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம், நெகட்டிவைக் கொடுங்கள், அதில் ஏதாவது தெரியும் என்றாள்.

அவ்வளவு நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டான். முகம் சிவந்தது. "நெகட்டிவ் மட்டும்... முடியாதுங்க."

ஏன் என்று கேட்டதற்குக் கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை, உங்களுக்கு உங்கள் கலை முக்கியம், அப்படித்தானே என்று சொல்லிவிட்டு லொரைன் மீதி மாடிகளைப் படியேறியே வீட்டுக்குப் போனாள். அன்று இரவு சோறு இறங்கவில்லை. ஒரு வேலைக்காகவா இவ்வளவு கோபம்? கை நீட்டியபடி நின்ற அந்த முகம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஹலீமாவின் அறையில், சொல்வதற்கு உண்மையைத் தவிர லொரைனிடம் வேறு எதுவும் இல்லை. அதையே சொன்னாள். ஹலீமா கெட்டவர் இல்லை, ஆனால் காகிதம் கேட்கும் மனுஷி. அப்போதுதான் வாசல் காவலாளி தொலைபேசியில் கூப்பிட்டு, மார்வின் என்று ஒருவர் வந்திருக்கிறார் என்றார்.

அவன் அன்றைக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியெல்லாம் வியர்வை. லொரைனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினான். உள்ளே வெட்டாத ஒரே துண்டு ஃபிலிம், ஆறு படம். கடைசியில் இருந்த பன்னிரண்டாம் எண்ணைக் காட்டினான். தேக்காவின் கேம்பல் லேன், பொங்கல் சந்தையில் கட்டியிருந்த மாடு, பின்னால் வாழ்த்து வளைவு. பொங்கல் முடிந்ததும் மாடு பண்ணைக்குத் திரும்பிவிட்டது, பிப்ரவரியில் தேக்காவில் மாடு கிடையாது என்று ஆங்கிலத்தில் விளக்கினான். இந்தப் பெண்ணின் படம் மாட்டுக்கும் முன்பே எடுத்தது, எண்ணைப் பாருங்கள் என்றான்.

ஹலீமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு தடவை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். சரி, மாடு ஒன்று, மீதி ஐந்தும் இவளா என்று கேட்டார்.

லொரைன் ஜன்னலுக்கு அருகில் போனாள். ஏழாவது, அவள். எட்டாவது, கழுத்தில் சொட்டு விழுந்து சிரிக்கும் அவள். ஒன்பது, பத்து, பதினொன்று... எல்லாம் அவளேதான். திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை கடிதம் வரும் என்றார் ஹலீமா. அந்த ஃபோர்மேனிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

இருவரும் வாசல் வரை நடந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது.

"மாட்ட எத்தன எடுத்தீங்க?" என்றாள்.

"ஒண்ணு."

"என்னைய?"

"அதான் பாத்தீங்களே..." பிறகு எப்படியோ தலையை நிமிர்த்தினான். "மூணு வருஷமா ரோட்டுல எடுக்குறேன். ஒரு ஆள ரெண்டாவது தடவ எடுத்ததில்ல. அன்னைக்கு பஸ் வர்ற வரைக்கும் நிறுத்த முடியல. பேரும் தெரியாது, கேக்க தைரியமும் வரல. நெகட்டிவ காட்டினா பைத்தியம்னு நெனப்பீங்கன்னு பயந்துட்டேன். எனக்கு உங்கள பிடிச்சிருக்கு. அவ்ளோதான்லா."

மறைக்க லொரைனுக்கும் இஷ்டமில்லை.

"அன்னைக்கு முடியாதுன்னு சொன்னீங்களே, அழுதுட்டேன்," என்றாள். "வேலைக்காகன்னு மம்மிகிட்ட சொன்னேன். பொய். இவ்ளோ நல்ல முகமா இருக்கே, இவன் இப்படிப்பட்டவனான்னுதான் அழுதேன்."

"இப்ப?"

"இப்ப எனக்கும்தான் பிடிச்சிருக்கு," என்றாள் லொரைன், அவன் கண்ணைப் பார்த்தே.