இதயத்தில் சிக்கிய சாவி

"ஐயோ... கை சில்லுனு ஆவுதே!"

கிருஷ்ணம்மாளின் அலறலில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியே அதிர்ந்தது.

ஆரணி. 1987.

கட்டிலில் அவள் கணவர் சடையப்பன். பட்டு நெசவாளி. பக்கத்தில் மகள் தேவகி... மெட்ராஸில் கம்ப்யூட்டரில் மருந்து வடிவமைக்கும் ஆராய்ச்சி மாணவி.

"நைனா... இன்னா சாப்ட்ட?"

"முட்டி வலிக்கு... கேம்ப்புல உங்க ப்ரொபசரு குடுத்த மாத்திர..."

தேவகி டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர்! அது எங்க லேப்ல வரைஞ்சது, இன்னும் மனுஷங்களுக்கே குடுக்கக்கூடாத மருந்து! செல்லுங்க மேல ரிசப்டர்னு பூட்டு மாதிரி இருக்கும். மருந்துதான் சாவி. முட்டி வலிக்குன்னு வரைஞ்ச சாவி, இதயத்துப் பூட்டுலயும் போய் சிக்கிக்கும்னு கம்ப்யூட்டர் காட்டுச்சு!"

"எப்படிம்மா எடுக்கறது?"

"எங்க சிக்கியிருக்குன்னு தெரியும் டாக்டர்... எடுக்கத்தான் தெரியாது!"

நாடி தவறியது. திரும்ப வந்தது. மறுபடி தவறியது...

அப்புறம் வரவே இல்லை!

மறுநாள் காலை. போலீஸ் ஸ்டேஷன்.

ப்ரொபசர் மணவாளன் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கேம்ப்புல நான் குடுத்தது வெறும் சத்து மாத்திரை, இன்ஸ்பெக்டர்."

"பொய்!" எதிரில் நின்ற தேவகி கத்தினாள். "அது ஆபத்துன்னு நான் எத்தனை வாட்டி சொன்னேன்!"

"கம்ப்யூட்டர் காட்டுச்சுன்னு சொல்றியே, அந்தப் படத்தைக் காட்டேன் பார்ப்போம்."

"நீங்கதான் கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சிட்டீங்களே சார்..."

தேவகி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். ஆதாரம் இல்லை. அப்பாவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் குப்புராஜ் காலி டம்ளரை எட்டிப் பார்த்தார்.

"டீ எப்படிங்க இருந்துது?"

"பிரமாதம்."

"செத்தவரு வூட்ல மீந்த மாத்திரைங்க... அதுலதான் கரைச்சேன். சத்து மாத்திரைதானே!"

மணவாளன் நாற்காலியோடு சரிந்தார்!

"அடப்பாவி! இதயம் நின்னுடும்யா! அதுக்கு மாற்று மருந்தே கிடையாது... தேவகி, நீ சொன்னதெல்லாம் சரிதான்! தெரிஞ்சுதான் குடுத்தேன்! மனுஷங்ககிட்ட டெஸ்ட் பண்ணா சீக்கிரம் பேர் வாங்கலாம்னு... ஏதாவது செய்யேன்!"

"என்னால ஒண்ணும் செய்ய முடியாது சார்," என்றாள் தேவகி. நேற்று அப்பாவிடம் சொல்ல முடியாமல் போனதை.

குப்புராஜ் திரும்பினார்.

"ரைட்டர், எழுதிகினியா?"

"முழுசா எழுதிட்டேங்க!"

"எழுந்திரிங்க ப்ரொபசர். மாத்திரைங்க சீல் வெச்சு லேபுக்குப் போய்கினு இருக்கு. டீயில இருந்தது வெறும் சர்க்கரை. உடம்புல சுகர் இருந்தா இப்பவே சொல்லுங்க... ஜெயில்ல கம்மியா போடச் சொல்றேன்!"