தொட்டிக்குள் யார் தொந்தரவு?

தனசிங் வீட்டுக் கடல்தொட்டியில் ஐந்து மீன்கள் இருந்தன. இணக்கமானி ஏழு உயிர்கள் என்றது.

"ஏழா? எங்கூட்டு மீனை எனக்கு எண்ணத் தெரியாதா?" என்று தனசிங் விரலை மடக்கினார். "கோமாளி ரெண்டு, வண்ணாத்தி ஒண்ணு, நீலக்குட்டி ஒண்ணு, கிளாத்தி ஒண்ணு. அஞ்சு."

"மானி ஏழுங்குது அண்ணாச்சி," என்றாள் ஜோவிட்டா. மீன்பண்ணையிலிருந்து சோதனைக்கு வந்திருப்பவள். "ஆறாவது ஒண்ணு மத்த எல்லாத்தையும் போட்டு வாட்டுது. ஏழாவது ஒண்ணு, எல்லாத்தையும் விட அதிகமா வாடுது."

எதிர்வீட்டு அகஸ்டா வாசல் நிலையில் சாய்ந்தபடி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டிலும் அடுப்படி இருக்கிறது, நல்ல காற்றோட்டமாகவே இருக்கிறது. ஆனால் கீரை உருவ இந்த வாசல்தான் வசதி. "கணக்குல வராத ஆளெல்லாம் உள்ள இருக்கா?" என்றாள்.

கடல் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்த பிறகுதான், கடல் ஆறும்வரை மீன்களை வீடுகளில் குடிவைக்கும் திட்டம் தூத்துக்குடிக்கு வந்தது. மீன் யாருக்கும் சொந்தமில்லை. பண்ணை கொடுக்கும், சரியில்லை என்றால் பண்ணையே திரும்ப எடுத்துக்கொள்ளும். குடிவைத்த வீட்டு வாசலில் ஒரு நீலப்பலகை மாட்டுவார்கள். அதற்குப் பிறகு இந்த அடுக்ககத்தில் யாரும் யாருடைய காரையும் பார்ப்பதில்லை, பலகையைத்தான் பார்த்தார்கள்.

தொடக்கத்தில் சேலை எடுக்கிற மாதிரிதான் மீன் எடுத்தார்கள். சோபா நிறத்துக்கு ஒன்று, திரைச்சீலைக்கு ஒன்று. கீழ்த்தளத்து வின்சென்ட் சார் இறால்கள் இருந்த தொட்டியில் கிளாத்தியை விட்டார். கிளாத்தியின் பல் நண்டோட்டையே உடைக்கும். மறுநாள் தொட்டியில் இறாலின் ஓடுகள் மட்டும் மிதந்தன. அவை தோலுரித்துக்கொண்டு எங்கோ ஒளிந்திருப்பதாக இன்றுவரை அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்ட பெரிய மனிதர்களுக்காகத்தான் பண்ணை இணக்கமானியைச் செய்தது.

கட்டைவிரல் அளவுக் கருவி அது. தொட்டியின் நுரைவடிப்பானில் ஒட்டியிருக்கும். நுரைவடிப்பான் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் குமிழ்களாக ஊதி, அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும். அந்த நுரையை மானி முகர்ந்து பார்க்கும். பயந்தாலும் எரிச்சல்பட்டாலும் எந்த உயிரும் தன்னையறியாமல் ஒரு கலக்கச்சாறைக் கசியவிடுகிறது. கைரேகை மாதிரி ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. யாரால் யார் கலங்குகிறார்கள் என்று மானி கணக்குப் போட்டு, நூற்றுக்கு இத்தனை என்று இணக்க எண் சொல்லும். தானும் கலங்காமல் பிறரையும் கலக்காமல் வந்துபோகிறவரை அது கண்டுகொள்வதே இல்லை.

தனசிங்குக்கு ஆசை ஒன்று, பயம் ஒன்று. ஆசை, ராஜதேவதை மீன். நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட அந்த அழகி ஏற்கெனவே வின்சென்ட் சார் வீட்டுக்கு வந்துவிட்டாள். இணக்கம் தொண்ணூறைத் தாண்டினால் இவருக்கும் கிடைக்கும். பயம், இருப்பதும் போய்விடுமோ என்பது. ஏற்கெனவே இரண்டு சோதனைகளில் எண் ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டது. மூன்றாவதும் அப்படியே வந்தால் மீனை எடுத்துவிடுவார்கள். வண்ணாத்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற மனிதருக்குப் பேச்சுத்துணையே அந்த ஐந்து மீன்கள்தாம். மனைவி புஷ்பலீலாவோடு அவர் பேசுவதெல்லாம் 'எங்க?', 'ஏன்?', 'இன்னுமா?' என்ற மூன்று சொற்களுக்குள் முடிந்துவிடும். அதையும் கப்பல்தளத்துக்குக் கேட்கிற குரலில் சொல்வார்.

இன்று எண் நாற்பத்தொன்று.

"கல்லுக்குள்ள ஏதோ இருக்கு," என்றார் தனசிங். "கல்லோட ஒட்டிக்கிட்டு வந்த புழுவோ, வெட்டிறாலோ. ராத்திரி வெளிய வந்து புள்ளைகளைக் கடிக்குது."

அது நடக்கக்கூடியதுதான். கடற்கல்லின் பொந்துகளில் எது வேண்டுமானாலும் ஒளிந்து வரும். கூடத்தில் வாளிகள் பரப்பி, ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்துத் தட்டினார்கள். "ஏ லீலா, வாளி எங்க? துணி ஏன் நனைஞ்சு கெடக்கு? இன்னுமா கொண்டுட்டு வார?" புஷ்பலீலா வாயைத் திறக்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். கடைசிக் கல்லும் வந்தது. இரண்டு சோழிப்பூச்சிகளும் அகஸ்டாவின் ஒரு கீரைக்காம்பும் தவிர எதுவும் கிடைக்கவில்லை.

மானியின் சின்னத் திரையில் உயிருக்கு ஒரு கோடு ஓடுவதையே ஜோவிட்டா பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி கத்தும்போதெல்லாம் ஆறாம் உயிரின் கோடு எகிறுகிறது. நுரைவடிப்பானின் காற்றுக்குழாயைத் தொட்டுப் பார்த்தாள். அது கூடத்துக் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, கொஞ்ச நேரம் கீழ போய் நில்லுங்களேன்."

போனார். சற்று நேரத்தில் ஆறாம் கோடு படுத்துவிட்டது. திரும்ப வந்தார், எழுந்து உட்கார்ந்தது. அடுத்து, "லீலாக்கா, நீங்க போங்க," என்றாள். ஏழாம் கோடு மறைந்தது.

தனசிங் மானியை முறைத்தார். புஷ்பலீலா வாசலில் நின்றபடி சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். சிரித்தது அகஸ்டாதான். "நான் இத்தன வருசமா இந்த வாசல்ல நிக்கேன், எனக்கு ஒரு நம்பர் தரலையே அது!"

"குழாயை வெளிய தூக்கிப் போட்டுருவோம்," என்றார் தனசிங்.

"போட்டா மானிக்குத் தெரியாது, மீனுக்குத் தெரியும். நீங்க பேசினா கண்ணாடி அதிருது அண்ணாச்சி. இதோட மூணாவது தடவை. நியாயமா இன்னிக்கே மீனை எடுக்கணும். ஒரே ஒரு வழி இருக்கு. கலக்கற உயிரை ஒரு வாரம் பிரிச்சு வைக்கணும். அது இல்லாத நேரத்துல கல்லையெல்லாம் இடம் மாத்தி அடுக்கணும். திரும்ப வரும்போது இது நம்ம எடம்ங்கற திமிரு அதுக்கு இருக்காது, புதுசா வந்த மாதிரி அடங்கி இருக்கும். கிளாத்திக்கு அப்படித்தான் செய்வோம்."

"நான் கிளாத்தியா?"

"பேரு நான் வைக்கல."

வேறொன்றுக்காகவும் போயிருக்க மாட்டார், மீனுக்காகப் போனார். உடன்குடியில் அக்கா வீடு. பை எடுத்துக்கொண்டு இறங்கும்போது வண்ணாத்தியிடம் மட்டும் சொல்லிக்கொண்டார்.

புஷ்பலீலா கல்லை மாற்றி அடுக்கினாள். கை சும்மா இருக்கவில்லை போலும், நாற்காலியையும் மாற்றினாள். தொலைக்காட்சிக்கு நேரெதிரே கிடந்த அண்ணாச்சியின் சாய்வு நாற்காலி துணி காயப்போடும் மாடத்துக்குப் போயிற்று. கட்டில் திரும்பியது. செருப்பலமாரி குளியலறைப் பக்கம் போனது. பசித்தபோது சாப்பிட்டாள். அகஸ்டாவோடு வாசலில் நின்று அவள் சிரித்த சிரிப்பு கீழ்த்தளம்வரை கேட்டதாக வின்சென்ட் சார் வீட்டில் சொன்னார்கள். மூன்றாம் நாள் வண்ணாத்தி இரையைத் தொட்டது. எண் எழுபது, எண்பது என்று ஏறியது.

செய்தி பரவ இந்த அடுக்ககத்தில் மின்தூக்கி ஒருமுறை மேலே போய் இறங்கினால் போதும். பண்ணைக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. யாரும் மீன் கேட்கவில்லை, மானி கேட்டார்கள். அகஸ்டா ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் உப்புத்தண்ணீரை நிரப்பி, மானியை ஒட்டி, கூடத்தின் நடுவில் வைத்தாள். உள்ளே ஒரு நத்தைகூடக் கிடையாது. "மீனு எதுக்கு? அதுக்கு வேற தீனி போடணும்," என்றாள். மாலைக்குள் அவள் மாமியார் உயிர் ஒன்று, மூத்த மகன் உயிர் இரண்டு என்று தெரிந்துவிட்டது. ஒரு வாரம் பிரித்துவைக்கப்பட்டவர்கள் பைகளோடு பேருந்து நிலையத்தில் சந்தித்து, "உங்களையுமா?" என்று கேட்டுக்கொண்டார்கள். அவரவர் வீட்டில் மேசை நாற்காலிகள் இழுபடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது.

தனசிங் திரும்பி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அலமாரியைக் காணாமல் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "இங்க உக்காரலாமா?"

"அது நான் உக்காருத எடம்," என்றாள் புஷ்பலீலா.

அவர் அந்தப் பக்கம் நகர்ந்தார். அது துணி மடிக்கிற இடம். இந்தப் பக்கம் வந்தார். "கால் ஈரம், மிதிக்காதிய." மீனுக்கு இரை போடப் போனார். "எவ்வளவு போடுதிய? ஏன் இப்பவே போடுதிய? இன்னுமா முடியல?" புஷ்பலீலாவின் குரல் இவ்வளவு பெரியது என்று அகஸ்டாவே அன்றுதான் தெரிந்துகொண்டாள். தனசிங் விரல்நுனியால் இரையைத் தூவிவிட்டு, கிளாத்தி மறைந்திருந்த கல்லின் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோவிட்டா கடைசிச் சோதனைக்கு வந்தபோது எண் முப்பத்தெட்டு. கலக்குவது ஏழாம் உயிர்.

"நானா?" புஷ்பலீலா நெஞ்சில் கைவைத்தாள். "நான் யாரை என்ன சொன்னேன்?"

தனசிங் வண்ணாத்தியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தொட்டியில அப்படித்தான்க்கா. பெரிய ரவுடியை எடுத்தா ரெண்டாவது அந்த எடத்துக்கு வந்துரும்," என்ற ஜோவிட்டாவின் குரலில் வருத்தம் இருந்தது. "உங்களுக்கும் ஒரு வாரம் குடுக்கலாம். வந்ததும் அண்ணாச்சி எழும்புவாரு. மாறி மாறி அலைய வேண்டியதுதான். பண்ணையில இனி விட மாட்டாவ. மீனை எடுத்துட்டு வரச் சொல்லிட்டாவ."

"ரெண்டு பேரும் இருந்து நூறு வரணும்னா, யாரைக் குறைக்கணும்? கேட்டுச் சொல்லு," என்றார் தனசிங்.

அவள் மானியில் கேட்டாள். மானி ஐந்து உயிர்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னது. ஐந்துக்கும் செதிள் இருந்தது.

ஜோவிட்டா கீழே போய் வண்டியிலிருந்து வாளியையும் கைவலையையும் எடுத்து வந்தாள். தொட்டியின் மூடியில் கைவைத்தாள். அப்போது தனசிங் குறுக்கே வந்து நின்றார். அவர் நிற்பதைப் பார்த்து புஷ்பலீலாவும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏம்மா, வண்ணாத்தி இப்பத்தான் ரெண்டு வாய் திங்குது. இவிய குடுத்தாத்தான் திங்கும். எடுத்துட்டுப் போய் அங்க எவன் கையால குடுப்பிய?" என்றாள் புஷ்பலீலா.

"இவ ராத்திரி விளக்கணைச்சு, திரை போட்டு, அதுக்குத் தாலாட்டுப் பாடாத குறைதான். ஒங்க பண்ணையில யாரு பாப்பா?"

"வெயில்ல வாளியில கொண்டுட்டுப் போவாளாம்!"

"கேளு, அதைக் கேளு லீலா!"

ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் எடுத்துக்கொண்டார். ஜோவிட்டாவுக்குப் படபடப்பாக வந்தது. "நான் என்ன பண்ண, எனக்கு மேல உள்ளவங்க..." என்று குரலை உயர்த்தினாள். அகஸ்டா கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

மானி மணியடித்தது. எட்டு உயிர்கள்.

ஜோவிட்டா குனிந்து பார்த்தாள். எட்டாவது புத்தம்புதுக் கோடு. எல்லோரையும் அதுதான் கலக்கிக்கொண்டிருந்தது. ஆறும் ஏழும் ஒன்றையொன்று கலக்குவதைக் காட்டி எப்போதும் ஆடிக்கொண்டிருக்கிற கோடு மட்டும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசைவில்லாமல் கிடந்தது. கீழே எழுத்துகள் ஓடின: எட்டாம் உயிரை உடனே பிரித்து வைக்கவும். அதுவரை வேறெந்த உயிரையும் இடம் மாற்றக் கூடாது. எட்டை நீக்கிப் பார்த்தால் இத்தொட்டியின் இணக்கம் தொண்ணூற்று நான்கு.

"என்ன சொல்லுது?" என்றாள் புஷ்பலீலா.

"என்னைய வெளிய போகச் சொல்லுது," என்றாள் ஜோவிட்டா.

வலை, வாளியோடு அவள் படியிறங்கினாள். எண் தொண்ணூறைத் தாண்டியதால் விதிப்படி ராஜதேவதை வந்து சேர்ந்தது. அதை எந்தக் கல்லோரம் விடுவது என்று கணவன் மனைவி இருவரும் கூடிப் பேசினார்கள். அந்தப் பேச்சு எட்டு நாள் தாங்கியது. ஒன்பதாம் நாள் தேங்காய்ச் சட்னியில் உப்பு விஷயமாக எண் ஐம்பத்தைந்துக்கு வந்தபோது, புஷ்பலீலாவே தொலைபேசியை எடுத்தாள். "ஏம்மா ஜோவிட்டா, ஒரு நடை வந்துட்டுப் போயேன். அந்த வலையை மறந்துராத."

பண்ணைக்காரர்கள் கணக்கில் கெட்டி. இப்போது ஜோவிட்டாவுக்கு மீன் பிடிக்கிற வேலையே கிடையாது. அவள் போகிற வேலைக்குப் பண்ணை வைத்த பெயர் இணக்க வருகை. அகஸ்டா வைத்த பெயர் மிரட்டல். தனசிங் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் வருவாள். முதலில் காப்பி, முறுக்கு. அவள் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி புஷ்பலீலா விசாரிப்பாள், தனசிங் தைலத்தின் பெயர் சொல்வார். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு அவர் தொண்டையைச் செருமுவார்.

"சரி தாயி. வலையை எடு."

அவள் வலையை எடுத்துத் தொட்டியை நோக்கி ஓரடி வைப்பாள். இருவரும் தோளோடு தோள் நின்று ஆரம்பிப்பார்கள். ராஜதேவதை கல்லுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். எண் தொண்ணூறைத் தொட்டதும் ஜோவிட்டா குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அடுத்து வின்சென்ட் சார் வீடு. அந்த வீட்டில் அப்பாவும் இரண்டு மகன்களும் ஒரே அறையில் உட்கார்ந்தே வருடக்கணக்காகிறது என்பது அகஸ்டா கொடுத்த தகவல். போன வாரம் ஜோவிட்டா படியிறங்கி அந்த வாசலுக்குப் போனபோது மணியடிக்க வேண்டியிருக்கவில்லை. கதவு திறந்து கிடந்தது. உள்ளே மூன்று பேரும் ஒரே சோபாவில் நெருங்கி உட்கார்ந்து, அவள் வருவதற்கு முன்பே அவளைத் திட்டத் தொடங்கியிருந்தார்கள்.