10.12-க்குப் போன கடிதம்

செவ்வாய்க்கிழமை, காலை 9.20. பரிசோதனைக் கூடத்தின் வரவேற்பு மேசை முன்னால் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்து நின்றார். சீருடைகூட மாற்றவில்லை, வண்டியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நேரே வந்தவர். கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவர் மனைவியின் திசுப் பரிசோதனை முடிவு. மற்றொன்று பரிசோதனை அன்று கூடத்தில் கொடுத்த ரசீது. மனைவி இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

"இது மெயில்ல வரும்னு சொன்னீங்க. வரல," என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அங்கிருந்தவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மேலாளர் தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். மார்ச் 6, காலை 10.12. 'அனுப்பப்பட்டது.' பக்கத்தில் பச்சையாக ஒரு குறி. 'உடனே மருத்துவரைப் பார்க்கவும்' என்ற அந்த அறிக்கை போனது உண்மை. ஓட்டுநரின் மனைவி, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியை, அதைக் கண்ணால் பார்க்கவில்லை என்பதும் உண்மை. ஜூலையில் வகுப்பிலேயே மயங்கி விழுந்தபோதுதான் மார்ச்சிலேயே முடிவு தயாராகிவிட்ட சங்கதி வெளியே வந்தது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

"எங்க பக்கம் தப்பே இல்ல சார். போயிருக்கு, நீங்களே பாருங்க."

"போச்சுன்னா எங்க போச்சு? யாரால இப்படி ஆச்சுன்னு ஒரு பேர் சொல்லுங்க. எனக்கு அது போதும். சொல்ற வரைக்கும் தினமும் வருவேன்."

அவர் போய் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மேலாளருக்கு அன்று காலை முழுக்க வேலை ஓடவில்லை. மதியம் தபால்காரிக்கு ஃபோன் போட்டார்.

தபால்காரி என்பது பட்டப்பெயர். பள்ளிகள், மருத்துவமனைகள், சின்ன அலுவலகங்கள் இவற்றின் மெயில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பது அவள் பிழைப்பு. நாற்பத்தைந்து வயது. வாய் கொஞ்சம் நீளம். பச்சைக் குறி எதையும் அவள் லேசில் நம்பமாட்டாள்.

பிற்பகல் 2.15-க்கு வந்து உட்கார்ந்தாள். சர்வரின் எண்ணைக் கேட்டு வாங்கினாள். இரண்டு மூன்று இணையப் பக்கங்களில் அதைப் போட்டுத் தேடினாள். நான்கு நிமிடத்தில் நாற்காலியைத் திருப்பினாள்.

"உங்க லேப் பேரு கறுப்புப் பட்டியல்ல இருக்கு சார்."

"அது... நடுவுல ஒருதரம் வந்துச்சு மேடம்."

"எத்தன தரம்?"

"மூணு. ஒவ்வொரு தரமும் எடுத்துடச் சொல்லி எழுதினேன். எடுத்துட்டாங்க."

"ஏன் வந்துச்சுன்னு பார்த்தீங்களா?"

இல்லை என்று மேலாளர் தலையாட்டினார். அவருக்காகத் தபால்காரியே விளக்கினாள். குப்பை மெயில் அனுப்புகிறவர்களின் எண்களைக் குறித்துவைக்கும் பட்டியல்கள் உண்டு. ஒரு கடிதம் வந்ததும், வாங்குகிற நிறுவனம் அந்தப் பட்டியலைப் பார்க்கும். பேர் இருந்தால் கடிதத்தை வாங்கிக்கொண்டே ஓசைப்படாமல் குப்பைப் பெட்டியில் போட்டுவிடும். அனுப்பியவருக்குப் பச்சைக் குறிதான் தெரியும். பெட்டி ஒரு மாதத்தில் தானே காலியாகிவிடும். ஆசிரியையின் அறிக்கை அங்கேதான் கிடந்து அழிந்திருக்கிறது.

முதல் வேலையாக, ஜனவரியிலிருந்து அவசரம் என்று அறிக்கை போன மற்ற பதினொரு பேருக்கும் மேலாளரை அங்கேயே உட்காரவைத்து ஃபோன் போடச் செய்தாள். ஒன்பது பேருக்கு வேறு வழியில் தெரிந்திருந்தது. இரண்டு பேர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

"பட்டியல்ல என்ன காரணம்னு போட்டிருக்காங்களா?" மேலாளரின் குரல் இறங்கியிருந்தது.

"குப்பை மெயில் அனுப்பறவங்களப் பிடிக்கவே வெச்சிருக்கிற பொறி முகவரிக்கு, நீங்க கடிதம் அனுப்பினதா போட்டிருக்கு. எந்த முகவரின்னு சொல்லமாட்டாங்க. சொன்னா அது பொறியே இல்லையே. நாமதான் கண்டுபிடிக்கணும்."

மாலை 4.05. முதல் சந்தேகம் எல்லோருக்கும் ஒரே ஆள் மேல்தான். விளம்பரப் பிரிவு இளைஞன், வாயைத் திறந்தால் தள்ளுபடி பேசுவதால் 'சலுகை' என்று பேர் வாங்கியவன்.

"முகவரி எங்க வாங்கின?"

"ஒரு கண்காட்சில அக்கா. பத்தாயிரம் பேர். ஆனா நம்ம சர்வர்ல இருந்து அனுப்பல. வெளிக் கம்பெனி மூலமா. அவங்க எண்ணே வேற."

"தினமுமா?"

"ஒருநாள் விடாம. மே மாசம்தான் ரொம்பத் தீவிரமா போட்டோம்." அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "சத்தியமா நான் இல்லக்கா. எதுக்கும் பெரியம்மாவக் கேளுங்க, இங்க நடக்கிறதெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. முன்னாடி கேட்டா வாயே தொறக்கமாட்டாங்க. இந்த ஜனவரிலேர்ந்துதான் ஆளே மாறி, சிரிச்சுப் பேசறாங்க."

பெரியம்மா வரவேற்பு மேசையில் இருப்பவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேலைக்கு வந்து இருபது மாதம்தான் என்றாலும் அந்தக் கூடத்துக்கே அவர்தான் பெரியம்மா. தபால்காரி போனபோது ஓட்டுநருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் வாங்கவில்லை. பெரியம்மா டம்ளரைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்தார்.

"பாவம்மா, மனசு கேக்கல. எதாவது துப்பு கிடைச்சுதா?"

"தேடறேன் பெரியம்மா. கண்ணுக்கு என்ன, கறுப்புக் கண்ணாடி?"

"மே மாசம் ஆபரேஷன். ஒன்பது நாள் வீட்ல இருந்தேன். தினமும் லேப தொறக்கிறவ நான்தான? இங்க இவங்க சாவியத் தேடி நாயா அலைஞ்சாங்க."

தபால்காரி சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

புதன்கிழமை முழுவதும் சர்வரின் பதிவேடுகளோடு மல்லுக்கட்டினாள். திரும்பி வந்த கடிதங்களைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள், அவளும் பார்த்தாள். எழுத்துப் பிழையான முகவரிகள், நிறைந்துபோன பெட்டிகள். உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. பட்டியலில் பேர் ஏறி இறங்கிய தேதிகளைத் தனித் தாளில் எழுதினாள். முதலில் ஏறியது ஜனவரி 7. மேலாளர் கெஞ்சி எடுத்த பேர் மறுநாளே திரும்ப ஏறிவிடும். மார்ச் 4-ல் எடுத்தது 5-ல் ஏறியிருந்தது. ஆசிரியையின் கடிதம் போனது 6-ல். அந்த வரியின் அடியில் கோடு போட்டாள். மே மாதத்தில் மட்டும், யாரும் எழுதிக் கேட்காமலே, ஆறு நாள் பேர் தானாக நீங்கியிருந்தது. பொறியில் தொடர்ந்து மூன்று நாள் எதுவும் விழாவிட்டால் நீக்கிவிடுவது அந்தப் பட்டியலின் வழக்கம்.

மாலை 6.30-க்குப் பதிவேட்டை மறுபடி முதலிலிருந்து திறந்தாள். இந்த முறை வேறு ஒன்றைத் தேடினாள். கிடைத்தது. கிடைத்ததற்காக அவள் சந்தோஷப்படவில்லை.

வியாழக்கிழமை, மாலை 5.40. கடைசி நோயாளியும் போயாகிவிட்டது. ஓட்டுநர் மட்டும் வெளியே பெஞ்சில் இருந்தார். மேலாளரின் அறைக்குள் தபால்காரி தாள்களை விரித்தாள்.

"சலுகை இல்ல சார். பேர் நீங்கியிருந்த ஆறு நாளும் அவன் விளம்பரம் போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்போ யாரு?"

"கணக்குப் போடுங்க. பேர் நீங்கணும்னா மூணு நாள் பொறில எதுவும் விழக்கூடாது. நீங்கி ஆறு நாள் இருந்துச்சு. ஆக மொத்தம் ஒன்பது நாள் பொறிக்குப் போற கடிதம் போகல. மே மாசத்துல ஒன்பது நாள் இங்க இல்லாதது யாரு?"

மேலாளர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "பெரியம்மாவா? அவங்க எதுக்கு..."

"திரும்பி வந்த கடிதத்த நாம எல்லாரும் பார்த்தோம். திரும்பி வர்றது நின்னுபோன கடிதத்த யாரும் பார்க்கல. இதப் பாருங்க. வரவேற்பு மேசை மெயில்ல இருந்து ஒரே முகவரிக்கு, தினமும் காலைல எட்டு ஐம்பதுக்கு ஒரு கடிதம். லேப் தொறக்கிறதே ஒன்பதுக்கு. போன வருஷம் முழுக்க, 'இப்படி ஒருத்தர் இல்ல'ன்னு தினமும் திரும்பி வந்திருக்கு. ஜனவரி நாலுக்கு அப்புறம் ஒண்ணுகூட வரல. ஆனா போறது நிக்கல. ஏழாம் தேதி உங்க பேர் பட்டியல்ல ஏறுது."

"ஒரே ஒரு கடிதத்துக்கா?"

"பெரிய கம்பெனி அனுப்புற லட்சத்துல ஒண்ணுன்னா தெரியாது. நீங்க அனுப்புறதே ஒரு நாளைக்கு நாற்பது. அதுல ஒண்ணு விடாம பொறில விழுந்தா?"

மேலாளர் எழுந்துவிட்டார். "இன்னிக்கே வேலைய விட்டு அனுப்பறேன்."

"உக்காருங்க சார். நோய் என்னன்னு பார்க்காம மூணு தரம் பேர மட்டும் எடுத்தது நீங்க. இதுவும் நீங்க அச்சடிச்சதுதான்." ஓட்டுநரின் ரசீது நகலைத் திருப்பி வைத்தாள். அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: 'ஏழு நாட்களில் மின்னஞ்சல் வராவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.' "ஒரு ஃபோன் போட சோம்பேறித்தனம். என் அறிக்கைல ரெண்டையும் எழுதுவேன்."

கதவருகில் சத்தம் கேட்டது. பெரியம்மா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அது என் பையன்," என்றார். "அஞ்சு வருஷம் முன்னாடி சண்டை போட்டுட்டுப் போனவன். எங்க போனான்னு தெரியாது. இங்க வேலைக்கு வந்தப்புறம்தான் கம்ப்யூட்டர் பழகினேன். அவனோட பழைய முகவரி மட்டும் என்கிட்ட இருந்துச்சு. தினமும் போடுவேன், தினமும் திரும்பி வரும். ஜனவரில ஒருநாள் வரல. மறுநாளும் வரல. பெட்டிய மறுபடி தொறந்துட்டான்னு நெனச்சேன். படிக்கிறான், பதில் போட வெக்கப்படறான்னு..." தபால்காரியைப் பார்த்தார். "அப்போ இத்தன நாளா வாங்கிக்கிட்டது யாரும்மா?"

இப்படி ஒரு கேள்விக்குத் தபால்காரி அதுவரை பதில் சொன்னதில்லை. எழுந்து கதவருகே போனாள்.

"யாரும் இல்ல பெரியம்மா. ரொம்ப நாள் யாரும் தொறக்கலன்னு அந்தப் பெட்டிய மூடிட்டாங்க. ஒரு வருஷம் வர்றத எல்லாம் திருப்பி அனுப்பினாங்க. அப்புறம் வாசல மட்டும் தொறந்து வெச்சாங்க. ஆளில்லாத முகவரிக்கு இன்னும் யார் யார் அனுப்பறாங்கன்னு எண்றதுக்கு. உள்ள ஒரு மிஷின்தான் இருக்கு."

பெரியம்மா கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பையன் இல்லன்னு இதுக்கு அர்த்தம் இல்ல பெரியம்மா. அந்தப் பெட்டில இல்ல, அவ்வளவுதான்."

"சரிம்மா." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு கேட்டார்: "அந்த டீச்சருக்குப் போக வேண்டியது என்னாலதான் போகலையா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "ஆமா பெரியம்மா," என்றாள்.

"அவருகிட்ட நானே சொல்றேன்."

தடுக்க எழுந்த மேலாளரைத் தபால்காரி பார்வையாலேயே உட்கார வைத்தாள். பெரியம்மா வெளியே போய் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதையும் மறைக்காமல், பையன் போன நாளிலிருந்து அன்று வரைக்கும் சொன்னார்.   தபால்காரி நிலைப்படியை விட்டு நகரவில்லை. ஓட்டுநர் கை ஓங்கினாலும் ஓங்கலாம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏழு நாள் எண்ணினோம்," என்றார் ஓட்டுநர் கடைசியில். "எட்டாம் நாள் காலைல, 'தப்பிச்சேன்டா சாமி'ன்னு சிரிச்சா. பிள்ளைங்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிட்டுப் போனா. நாலு மாசம் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. ஒண்ணும் வரலன்னா நல்லதுன்னு நாங்களும்தான் நம்பினோம்."

பெரியம்மா அழுதார். ஓட்டுநர் ஆறுதல் சொல்லவில்லை.

"புகார்ல என் பேர எழுதிக்குங்க," என்றார் பெரியம்மா. "பேர்தான கேட்டீங்க? நாளையிலேர்ந்து நான் இங்க வரமாட்டேன். என் முகத்த நீங்க பார்க்க வேண்டாம்."

ஓட்டுநர் தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எழுந்து நின்றார்.

"இன்னிக்கு எனக்குக் கோவம் வரல. ஏன்னு தெரியல. ஆனா நாளைக்கு வரும். இல்லன்னா அடுத்த வாரம் வரும். வந்தா இங்கதான் வருவேன். வாய்க்கு வந்தபடி கத்துவேன். அப்போ நீங்க இல்லன்னா நான் யாரப் போய்க் கேப்பேன்?"

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"போயிடாதீங்க," என்றார் ஓட்டுநர். "நான் வரும்போது இருப்பீங்களா?"

"இருக்கேன்," என்றார் பெரியம்மா. "வாங்க."