மூணு இழுப்பு

வாசல் கதவின் கைப்பிடியை யாரோ இழுத்துப் பார்த்தார்கள். ஒரு முறை. சிறிய இடைவெளி விட்டு இரண்டாம் முறை. மூன்றாம் முறை மட்டும் கொஞ்சம் அழுத்தி. சாயங்காலம் கதவைச் சாத்தியதும் பன்னிரண்டு வருடங்களாக அந்த வீட்டில் தவறாமல் கேட்கும் சத்தம்தான். இன்று அதில் ஒரே ஒரு குறை. இழுத்துப் பார்க்க வேண்டியவர் சோபாவில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நிமிர்ந்து பார்த்தார். கைப்பிடி அப்போதுதான் தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கதவின் இந்தப் பக்கம் யாரும் இல்லை. அந்தப் பக்கம் யாராவது நின்றால் நடைவழி விளக்கில் கதவடியில் நிழல் விழும். விழவில்லை.

"இழுத்தாச்சா?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. "போதும், வாங்க. பூட்டு கையோட வந்துடப் போகுது."

'நான் இழுக்கவில்லை' என்று சொல்ல வாயெடுத்தார். அப்படிச் சொன்னால் பிறகு யார் இழுத்தது என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் சந்தேகம் வரும். அது கூடாது என்று தினமும் காலையில் உரக்கச் சொல்லிவருபவர் அவர். எழுந்து சமையலறைக்குப் போனார்.

அவர் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்டைத் தாங்கும் கம்பிக்கயிறுகளைத் தடவிப் பார்த்து, பிரேக்கைச் சோதித்து, சரியாக இருந்தால் அட்டையில் கையெழுத்துப் போட்டு மாட்டிவிட்டு வருவது வேலை. மற்றவர்கள் ஒரு தடவை பார்ப்பதை அவர் மூன்று தடவை பார்ப்பார். அலுவலகத்தில் அவர் பெயர் 'மூணு இழுப்பு'. வேலை பார்க்காத நேரத்தில் நகம் கடிப்பார். கவலை முற்றினால் நகத்தோடு நிற்காது, சதைக்கும் போகும். பத்து விரலிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அலுவலகம் வந்த நாட்களும் உண்டு.

இவரைத் திருத்தவென்றே வந்ததுபோல் ஒருநாள் கம்பெனிக்கு ஒரு வெற்றிப் பயிற்சியாளர் வந்தார். கோட்டு, டை, காதில் மாட்டிய மைக். ஆறாம் மாடியில் கூட்டம். சோதனைக்காக அன்றைக்கென்று பார்த்து லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தார் நம்மவர். 'வானமே எல்லை' என்று பேச வந்தவர் ஆறு மாடி ஏறி, நாக்கு தள்ள, பேச்சு வராமல் நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். மூச்சு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாருங்க அந்த லிஃப்டை நிறுத்தினவரு?"

நாற்பது விரல்கள் ஒரே பக்கம் நீண்டன.

மேடைக்குக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "சந்தேகம்ங்கறது உங்களுக்குள்ள கூப்பிடாம வந்து உக்காந்திருக்கிற ஒருத்தன் சார். தினம் விடியக்காலை கண்ணாடி முன்னாடி நில்லுங்க. மூணே வாக்கியம். நான் சந்தேகப்படுவதில்லை. நான் நகம் கடிப்பதில்லை. நான் முழுமையானவன். இருபத்தொன்னாவது நாள் கதவைத் திறந்து, 'வெளியே போ'ன்னு சொல்லுங்க. போயிடுவான்."

கைதட்டினார்கள். பயிற்சியாளர் இறங்கும்போது, மறுபடி ஓடத் தொடங்கியிருந்த லிஃப்டில் போக மறுத்துவிட்டார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மனைவி சிரிப்பாளே என்று குளியலறையில் வைத்துச் சொன்னார். சத்தம் கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். வாளி நிரம்பி வழியும் சத்தத்துக்கு நடுவே, நீராவி படிந்த கண்ணாடியில் தெரிந்த மங்கலான முகத்திடம் மூன்று வாக்கியங்கள். நாளாக ஆக அந்த முகம் உதடசைப்பதில் சற்றுப் பிந்தியது. மூன்றாம் வாரம் அவர் முடித்த பிறகும் அது முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நீராவி என்று நினைத்துக்கொண்டார்.

இருபத்தோராம் நாள், கதவைத் திறந்து, "வெளியே போ" என்றார்.

கிரீஸ் வாடை குப்பென்று வந்தது. ஈரமான ஏதோ ஒன்று அவர் தோளை உரசிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் ஒடுங்கி, கடந்துபோனது. கால்மிதியில் ஈரம் பதிந்தது. அவருக்கு உடம்பே லேசானது. ஜெயித்துவிட்டோம் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அவர் திறந்தது குளியலறைக் கதவை. அதன் வழியாக வெளியே போகிற எதுவும் வீட்டுக்குள்தான் போகும். கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருந்தால் அவருக்கு அது தோன்றியிருக்கும்.

அன்று சாயங்காலம்தான் வாசல் கைப்பிடி தானாக மூன்று முறை இழுபட்டது. அதற்குப் பிறகு அவர் நகங்கள் வளர்ந்தன. பளபளவென்று, ஒரே அளவாக. அலுவலகத்தில் ஒரு லிஃப்டுக்குப் பத்து நிமிடம் என்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். முதலாளி முதுகில் தட்டினார். வீட்டில் மட்டும், பகலில், திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். கடக். பிறகு மெல்லிய 'தூ'. சோபாவின் இடுக்கில் பிறைபிறையாக நகத்துண்டுகள் கிடக்கும். காலால் விரிப்புக்கு அடியில் தள்ளிவிடுவார்.

ஒருநாள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் முறை அவருடையது. வேன் கொண்டுவந்து விட்டிருக்கும் என்று உறுதியாக நம்பினார். உறுதி இப்போது அவருக்குச் சுலபமாக வந்தது. பூட்டிய பள்ளிக் கதவுக்கு வெளியே எட்டு வயதுக் குழந்தை இருட்டும்வரை நின்றிருந்தது.

"ஒரு போன் பண்ணிக் கேக்கத் தோணலையா உங்களுக்கு?"

"நான் சந்தேகப்படுவதில்லை" என்றார் அவர், புன்னகையோடு.

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஓரடி பின்னால் நகர்ந்தாள். "இன்னொரு தடவை இப்படி நடந்துதுன்னா, இந்த வீட்டுல உங்களுக்கு இடமில்ல. சொல்லிட்டேன்." அன்றிலிருந்து மகளைத் தன் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டாள்.

மறுவாரம் அவர் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குப் போனார். முந்தின நாள் கயிறுகளைத் தொட்டே பார்க்காமல் கையெழுத்துப் போட்ட இடம், மறந்துவைத்த டார்ச்சை எடுக்க வேண்டும். காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து கும்பிட்டான்.

"நேத்து நீங்க திரும்பி வந்தது தெய்வச் செயல் சார்."

"எப்ப?"

"நீங்க போய் அரை மணி நேரத்துல வந்தீங்களே! கயிறு நைஞ்சு நூலா நிக்குதுன்னு நீங்கதானே லிஃப்டை நிறுத்தினீங்க? ஸ்ட்ரெச்சரோட நாலு பேரு ஏற இருந்தாங்க சார்." அவன் பார்வை அவர் கைக்கு இறங்கியது. சிரிப்பு மெல்லக் கரைந்தது. "நேத்து விரலெல்லாம் ஒரே ரத்தமா இருந்துதே சார். ராத்திரியோட ராத்திரியா எப்படி..."

லிஃப்ட் கதவில் சிவப்பு அட்டை தொங்கியது. 'உபயோகிக்கக் கூடாது.' அவர் கையெழுத்து. கீழே மூன்று முறை அடிக்கோடு. ஓரத்தில் பழுப்பாக ஒரு விரல்ரேகை.

டார்ச்சை எடுக்காமல் வீட்டுக்குப் போனார். மணி நாலுதான் ஆகியிருந்தது. மாடிப் படிகளில் வெயில் சரிந்து கிடந்தது. எங்கோ ஒரு மிக்ஸி ஓடி நின்றது. அது நின்ற பிறகு வந்த அமைதியில் தன் செருப்புச் சத்தம் தனக்கே கேட்கவில்லை என்பதைக் கவனித்தார்.

சாவியைப் போட்டுத் திருப்பினார். திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள்.

உள்ளே மகள் சிரித்தாள்.

"அப்பா, ரப்பர் இருக்கு, பென்சில் இருக்கு! மூணு தடவை பாத்தாச்சுப்பா!"

"எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாமே, கண்ணு."

அவர் குரல். தயங்கித் தயங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் அனுமதி கேட்கிற அந்தப் பழைய குரல். கதவுக்கு அந்தப் பக்கம்.

"ஒரு மாசமா யாரோ மூணாம் மனுஷன் மாதிரி இருந்தீங்க" என்றாள் மனைவி. இவ்வளவு கனிவாக அவள் பேசி அவர் கேட்டே வெகுநாளாகியிருந்தது. "இப்பதான் என் வீட்டுக்காரரு மாதிரி இருக்கீங்க. கையைக் குடுங்க, பிளாஸ்திரி போடறேன்."

அவர் கதவைத் தட்டினார்.

உள்ளே பேச்சு நின்றது.

"யாருங்க அது?"

"தெரியலையே. நீ போகாத. இரு, நான் பாக்கறேன்."

காலடிகள். கிரீஸ் வாடை. கதவுத் துளையில் இருந்த வெளிச்சம் அணைந்தது. ஒரு கண் அவரைப் பார்த்தது. பயந்த கண். கோடிப் பேரில் இருந்தாலும் அவர் அடையாளம் கண்டுகொள்வார்.

"நான்தான்!" என்று கத்தினார். "கதவைத் திற! அது நான் இல்ல!"

"யாரோ... யாரோ வெளியில நிக்கிறாங்க" என்றது குரல். "எனக்குப் பயமா இருக்கும்மா."

கைப்பிடி அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நன்றாகப் பூட்டியிருந்தது.

அவர் இரண்டு கையாலும் கதவை அறைந்தார்.

கடக்.

வலது கட்டைவிரலில் நெருப்புப் பட்டதுபோல் இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தார். பளபளத்த நகத்தின் பாதி இல்லை. கதவடியில் ஒரு பிறைத்துண்டு சறுக்கி வந்து அவர் செருப்பருகே நின்றது. ஈரமாக.

"நான் முழுமையானவன்" என்றார்.

கடக். சுட்டுவிரல்.

தட்டக் கூடாது. தட்டினால் உள்ளே இருப்பது பயப்படும். பயந்தால் கடிக்கும். புரிந்தது. ஆனால் கதவுக்குப் பின்னால் மகள் இருந்தாள். தட்டினார்.

கடக். கடக்.

"ஐயோ, வாயிலேர்ந்து கையை எடுங்க" என்றாள் மனைவி, சிரித்தபடி. "யாரா இருந்தாலும் போயிடுவாங்க."

கடக்.

பத்தாவது துண்டும் கதவடியில் வந்து சேர்ந்தது. பத்து விரல் நுனியிலும் ரத்தம் முத்துமுத்தாகக் கோத்து நின்றது. அவர் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், அசையாமல் நின்றார்.

நகம் தீர்ந்துவிட்டது.

உள்ளே மெல்லுகிற சத்தம் நிற்கவில்லை.