அம்மா உட்கார்ந்த முதலை

சைக்கிள் கடையில் இருந்த அத்தனை சீட்டுகளையும், வீட்டில் சுண்டெலி என்று செல்லமாகக் கூப்பிடும் அந்தச் சிறுமி பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் விரல் பாதி உள்ளே போய்விட்டது. அவ்வளவு மெத்துமெத்து!

“அம்மா, இதுதான்! இதையே வாங்கு!” என்று குதித்தாள். அம்மாவும் வாங்கினார்.

அவள் அம்மா தபால்காரர். காலையில் பை நிறையக் கடிதங்களோடு சைக்கிளில் கிளம்பினால், வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். பழைய சீட் வலிக்கிறது என்றுதான் புதுசு வாங்கினார்கள். புதுசு வந்த பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? வலி இரண்டு மடங்கு ஆயிற்று! எங்கே வலி என்று என்னைக் கேட்காதீர்கள். சைக்கிளில் எதை வைத்து உட்காருவோமோ, அங்கேதான்.

ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அம்மா நின்றபடியே தண்ணீர் குடித்தார். நின்றபடியே செருப்பைக் கழற்றினார்.

“என்னால முடியலடி. திங்கட்கிழமையிலேர்ந்து ஆபீஸ் உள்ளேயே வேலை கேட்கப் போறேன். கடிதத்துல முத்திரை குத்தற வேலை. சைக்கிளுக்கு ஒரு கும்பிடு.”

சுண்டெலிக்குத் திக்கென்றது. அம்மாவுக்குத் தெரு என்றால் உயிர். எந்த வீட்டுக் கிளி திட்டும், எந்த மாடியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்குவார்கள், எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டோடு கதையாக வரும். அறைக்குள் உட்கார்ந்து முத்திரை குத்தினால் என்ன கதை வரும்? டப், டப், டப். அவ்வளவுதான்.

‘எல்லாம் நான் பார்த்து வாங்கின சீட்டால வந்தது’ என்று அவளுக்கு அழுகை முட்டியது. முகம் கழுவ ஓடினாள்.

திரும்பி வந்தால், ஐயையோ! அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“அம்மா! எழுந்திரு! என் முதலை!”

பள்ளிக்கூடத்துக்காக அவள் களிமண்ணில் செய்த முதலை அது. தடியான, கை நீள முதலை. காயாமல் இருக்க, நாற்காலியில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் வைத்து, ஈரத்துணியால் மூடியிருந்தாள்.

அம்மா துள்ளி எழுந்தார். “அடிப்பாவி, இது முதலையா? எனக்காகத்தான் நீ குளுகுளுன்னு துணியை மடிச்சுப் போட்டு வச்சிருக்கேன்னு நெனச்சு உட்கார்ந்துட்டேனே!”

சுண்டெலி துணியை உரித்தாள். வாய் இல்லை, வால் இல்லை. முதலை சப்பட்டையாகக் கிடந்தது. திட்டலாம் என்று வாயைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

களிமண்ணின் நடுவே இரண்டு குழிகள். அழகாக, வட்டமாக, அச்சு எடுத்தது போல இரண்டே இரண்டு.

“இது என்னம்மா?”

“உட்கார்ற எலும்பு. எல்லாருக்கும் ரெண்டு இருக்கும்.”

சுண்டெலி ஒரு குழிக்குள் விரலை விட்டாள். உடம்பு சிலிர்த்தது. அம்மாவின் முழு எடையும், தோளில் தொங்கும் பையும், பைக்குள் இருக்கும் ஊர்ப்பட்ட கடிதங்களும் இந்த இரண்டு சின்ன இடங்களிலா உட்கார்ந்திருந்தன? தினமும்? அம்மாடி!

மிச்சக் களிமண்ணைத் தட்டி, அவளும் உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கும் இரண்டு குழிகள் விழுந்தன. ஆனால் கிட்டக் கிட்ட, குட்டிக் குட்டியாக. ஆளுக்கு ஆள் வேறா! அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

பலகையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளிடம் ஓடினாள். அம்மாவின் குழிகளுக்கு நேரான இடங்களில் மடக்கிய இரண்டு கைமுட்டிகளையும் வைத்து, மெத்து சீட்டை அமுக்கினாள். முட்டிகள் உள்ளே புதைந்தன. நடுவில் பஞ்சு புடைத்துக்கொண்டு மேலே வந்தது.

“அம்மா, இங்க பாரு! இதுதான் உன்னைக் குத்துது! கடை மூடறதுக்குள்ள வா!”

கடைக்காரர் பலகையைப் பார்த்துக் கண்ணை இடுக்கினார். “என்ன பாப்பா இது?”

“முதலை, மாமா.”

“முதலையா? லாரி ஏறிடுச்சா?”

“இல்ல. அம்மா ஏறிட்டாங்க.”

“ஏய்!” என்று அம்மா அவள் காதைத் திருகினார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சுண்டெலி ஒவ்வொரு சீட்டின் பக்கத்திலும் பலகையை வைத்துப் பார்த்தாள். ஒன்று ஒடிசல்; குழிகள் இரண்டும் வெளியே விழுந்தன. இன்னொன்று பஞ்சு. கடைசியில், மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு சீட்டைத் தொட்டாள். பின்பக்கம் அகலம், கொஞ்சம் விறைப்பு. இரண்டு குழிகளும் அதன்மேல் கச்சிதமாக வந்தன.

“அது கல்லு மாதிரி இருக்குமே பாப்பா. விரலால அமுக்கிப் பாரு” என்றார் கடைக்காரர்.

“போன தடவை விரலாலதான் பார்த்தேன், மாமா. ஆனா உட்காரப் போறது விரல் இல்லையே!”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு திருகு சாவியை எடுத்துச் சீட்டை மாற்றிக் கொடுத்தார்.

“தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று அம்மா பயந்துகொண்டே ஏறினார்.

தெருமுனை இதோ இருக்கிறது. ஆனால் அம்மா திரும்பி வரவில்லை. கடைக்காரர் விளக்கு போட்டார். வெளியே இருந்த சைக்கிள்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். அப்போதும் அம்மாவைக் காணோம். சுண்டெலி வாசலுக்கு ஓடித் தெருவை எட்டிப் பார்த்தாள். வலி தாங்காமல் எங்கேயாவது இறங்கி நிற்கிறாரோ?

கிணிங், கிணிங்!

அம்மா! தலைமுடி காற்றில் பறந்து கலைந்திருந்தது. முகம் பளபளவென்று இருந்தது.

“எங்கம்மா போனே? எனக்கு உயிரே போயிடுச்சு!”

“தெருமுனையில திரும்பணும்னுதான்டி நெனச்சேன். பார்த்தா, ஆத்துப் பாலத்துல இருக்கேன்! சீட்டுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு.”

“அப்போ திங்கட்கிழமை? முத்திரை குத்தற வேலை?”

“யாரு, நானா?” என்று கேட்டுவிட்டு, அம்மா மறுபடியும் பெடலை மிதித்தார்.